நாளொன்றுக்குப் பத்துப் பாடல்

இற்றைக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீறாப்புராணத்தைப் பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதினோம். இலக்கிய மாநாடொன்றின் சிறப்பு மலருக்காக எழுதப்பட்டது அது. உமறுப் புலவரின் நாட்டுப் படலத்தைக் குறித்து அதில் ஒரு தீர்ப்பும் வழங்கியிருந்தோம். அரபு நாட்டைப் பாட வந்த புலவர் அதனைத் தமிழகத்து மருத நிலமாக்கிவிட்டார். இது காப்பிய மரபுக்குச் செலுத்திய திறையேயன்றி வேறில்லை. இப்படலத்தைப் படிக்காமல் கடந்து செல்வோர்க்கு இழப்பு ஒன்றுமில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். மலரைக் கண்ட பேராசிரியர் சிலர் தலையசைத்தனர். மாணவர் சிலர் அதனைத் தம் விடைத்தாள்களில் எடுத்தெழுதியதாகவும் கேள்வியுற்றோம். அன்று மகிழ்ந்தோம். இன்று அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அக்கட்டுரைக்காகச் சீறாவை நாம் பன்னிரண்டு நாளில் படித்து முடித்தோம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். நாளொன்றுக்கு 400 பாடல்களுக்கு மேல் ஆகிறது. கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. மேற்கோளுக்கு உதவும் எனப்பட்ட பாடல்களின் ஓரத்தில் கோடு விழுந்தது. ஏனையவற்றின்மேல் கண் வழுக்கிச் சென்றது. குறித்த நாளுக்குள் கட்டுரையைச் சேர்ப்பித்தாக வேண்டுமே என்னும் கவலை ஒவ்வொரு பக்கத்திலும் உடன் வந்தது. அந்தப் பிரதி இன்றும் நம்மிடம் இருக்கிறது. சிவப்புக் கோடுகளை அண்மையில் எண்ணிப் பார்த்தோம். 61 இருந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் அன்று நமக்குக் கிடைத்தவை அவ்வளவே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை நமக்கு முன்னர் எழுதியோர் எடுத்தாண்ட பாடல்கள்தாம் என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் நமக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு கண்ணில் அழுத்த நோயும் இருந்தமையால், தொடர்ந்து படிக்கலாகாது, நாளைக்கு ஒரு கால் மணி நேரம் போதும் என்று மருத்துவர் கட்டளையிட்டுவிட்டார். வாழ்நாள் முழுவதும் புத்தகத்தோடு புழங்கியவர்க்கு இது சிறைத் தண்டனை போன்றது. முதல் இரு வாரங்கள் பொழுது போகாமல் வீட்டாரைச் சினந்துகொண்டிருந்தோம். பின்னர் ஒருநாள், மேல்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த நம் பேத்தி, "நன்னா, நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க" என்று வந்தாள். எந்தப் புத்தகம் என்றாள். மேசைமேல் கைக்கு எட்டியது சீறா. நாளுக்குப் பத்துப் பாடல் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் படிக்க அவளுக்கும் நேரமில்லை. அவள் பாடம் அவளுக்கு. பத்துப் பத்தாகப் படித்தால் 503 நாள் ஆகும் என்று அவளே கைப்பேசியில் கணக்கிட்டுச் சொல்லிச் சிரித்தாள். விருந்து, காய்ச்சல், தேர்வு என்று இடையில் விட்டுப்போன நாட்களையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன.

முதலில் நேர்ந்த இடர்ப்பாடு சொற்களைப் பிரிப்பது. விருத்தப் பாவில் புணர்ச்சியால் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும் சொற்களைக் கண் ஒருவாறு ஊகித்துத் தாண்டிவிடும். நாவுக்கு அந்தத் தந்திரம் தெரியாது. எங்கே நிறுத்துவது என்று அறியாமல் பேத்தி தடுமாறுவாள், நாம் பிரித்துச் சொல்வோம், மறுபடி படிப்பாள், அப்போது பொருள் ஒரு முறையும் ஓசை ஒரு முறையுமாகப் பாட்டு இரு முறை வந்து சேரும். புலவர் அரபுப் பெயர்களைத் தமிழ் வாய்க்கு இசைய எவ்வளவு நயமாக வளைத்திருக்கிறார் என்பதும் அவ்வாறு உரக்கப் படித்தபோதுதான் விளங்கிற்று. பத்ரு 'பதுறு' ஆகிறது. உஹது 'உகுது' ஆகிறது. துறவி பஹீரா 'புகைறா' ஆகிறார். இவற்றைப் பிழையெனத் திருத்த முற்படுவோர் இன்றும் உண்டு. அவர்கள் சீறாவை ஒருகாலும் உரத்துப் படித்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். மெய்யெழுத்து இரண்டு மோதும் இடத்தில் ஓர் உகரத்தைப் பெய்து சந்தம் இடறாமல் காப்பது, அயலிலிருந்து வந்த பெயருக்குத் தமிழ் யாப்பிலே இருக்கை போட்டுக் கொடுக்கும் வேலையாகும்.

இந்நூல் எழுந்த காலத்தில் வேகமாகப் படிக்கும் வசதி எவருக்கும் இருந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடப்பட்ட சீறா, சேகனாப் புலவர் எனப் பெயர் பெற்ற செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் 1842-இல்தான் அச்சேறியது. அதுவரை ஏட்டுச் சுவடியே துணை. சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளி இடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாட்டைக்கூடப் படிப்பவர்தாம் உய்த்துணர வேண்டும். ஆகவே அறிந்தவர் ஒருவர் இராகத்தோடு படிப்பதும், மற்றொருவர் பொருள் விரிப்பதும், பலர் கூடியிருந்து கேட்பதுமாகவே இத்தகைய நூல்கள் மக்களைச் சென்று சேர்ந்தன. அச்சு நூல் வந்து, கூட்டமும் குரலும் தேவையில்லாமற் போனபின், 400 பாடல்களை ஒரே நாளில் விழுங்கும் ஆற்றல் நம்மனோர்க்கு வாய்த்தது.

இனி நாட்டுப் படலத்துக்கு வருவோம்.

முகில் கடலைப் பருகி எழுகிறது, மலையில் பொழிகிறது, வெள்ளம் குறிஞ்சியில் இறங்கி, முல்லையைக் கடந்து, பாலையையும் நனைத்து, மருதத்தை அடைந்து குளங்களையும் கால்களையும் நிரப்புகிறது. உழவர் ஏர் பூட்டுகின்றனர், விதைக்கின்றனர், களை பறிக்கின்றனர், அறுத்துப் போரிட்டுக் களம் காண்கின்றனர். அரபு நாட்டில் இத்தகைய ஆறு ஏது, நெல் வயல் ஏது என்று கேட்பது எளிது. நாமும் அன்று அப்படித்தான் கேட்டோம். ஆனால் இம்முறை இப்படலம் நமக்குப் பல நாள் நீடித்தது. வெள்ளம் மலையிலிருந்து வயலுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே பொழுதுகள் பல கடந்தன. ஒருநாள் மாலை பேத்தி படித்து முடித்துச் சென்றபின், நமக்கு வேறொரு கேள்வி தோன்றியது. இப்பாடலைப் பாடிய புலவர் வாழ்ந்த இடம் எது?

உமறு எட்டயபுரம் அரண்மனைப் புலவர். கடிகை முத்துப் புலவரின் மாணாக்கர். அவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரத்திலேயே. அது கரிசல் மண். வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு அங்கே இல்லை. நெல்லுக்கு அங்கே என்ன வேலை? கம்பும் பருத்தியும் விளையும் காடு அது. காப்பியம் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதியின் கீழக்கரையோ உப்புக் காற்று வீசும் வறண்ட கடற்கரை. அங்கே நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைப்பதே அருமையாயிருந்த காலங்களை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரபு நாட்டின் நிலைமை புலவருக்குத் தெரியாமலும் இல்லை. அவரைப் புரந்தோர் கடல் வாணிகம் செய்த மரைக்காயர்கள். ஹஜ்ஜுக்குச் சென்று மீண்டவர்கள் அவர்களிடையே இருந்திருப்பர். பாலைவனம் எப்படியிருக்கும் என்று அவர்களுள் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பர். ஆகவே நாட்டுப் படலத்து வெள்ளம் புலவர் தம் வீட்டு வாயிலில் கண்ட காட்சியன்று. தெரியாமல் அரபு நாட்டின்மேல் ஏற்றிவிட்ட பிழையுமன்று. நீருக்கு ஏங்கும் மண்ணில் இருந்துகொண்டு, நீரில்லாத மண்ணைப் பாட வந்த ஒருவர், அருளின் வருகைக்கு முன்னர் வேண்டிக்கொண்ட மழை அது. மரபு அவருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது. அதில் ஓடிய தாகம் அவருடையது. இவ்வாறு நாம் கொள்வதற்குப் புலவரிடம் சான்று கேட்பார்க்கு, அதே விலாதத்துக் காண்டத்தில் சில படலங்கள் தள்ளிச் 'சுரத்தில் புனலழைத்த படலம்' இருப்பதைக் காட்டுவோம்.

அங்கே கதீஜா நாயகியாரின் சரக்கோடு ஷாம் நாட்டுக்குச் செல்லும் வணிகக் கூட்டம் வெம்மை மிக்க சுரத்தில் நீரின்றித் தவிக்கிறது. மனிதரும் விலங்கும் நா வறண்டு சோர்கின்றனர். பெருமானார் (ஸல்) அவர்களின் பொருட்டால் அச்சுரத்தில் நீர் பெருகுகிறது. நாட்டுப் படலத்தில் கணக்கின்றிப் பெருகிய வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவனுக்கு, இங்கே ஊறும் நீர் என்ன பொருள் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? முன்னதைத் தாண்டிச் சென்றவனுக்குப் பின்னது ஓர் அற்புதச் செய்தி மட்டுமே. அரபு நாட்டைத் தமிழ்நாடாக்கினார் என்று உமறுவின்மேல் குற்றம் சாட்டிய நாம், அவர் பாலையைப் பாலையாகவே பாடிய படலத்துக்கு அன்று ஒரு சிவப்புக் கோடுகூட இடவில்லை. பிரதியைப் புரட்டிப் பார்த்து வெட்கினோம்.

அந்த ஷாம் பயணம் இன்னொன்றையும் நமக்குத் திருப்பித் தந்தது. பாதை போந்த படலத்தில் புறப்படும் கூட்டம் ஊர் மீள்வதற்குள் எத்தனை படலங்கள்! பாந்தள் வருகிறது, நதி குறுக்கிடுகிறது, புலி பேசுகிறது, கள்வர் வருகின்றனர். கதை என்று பார்த்தால் இவற்றுள் பாதியைச் சுருக்கிவிடலாம் என்றே நாம் எழுதியிருந்தோம். இம்முறை அப்பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் நம் உம்மாவின் தாயாரோடு அமர்ந்து சீறா கேட்ட இரவுகள் நினைவுக்கு வந்தன. ரபீஉல் அவ்வல் மாதத்தில் இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டு முற்றத்தில் முதியவர் ஒருவர் வந்து படிப்பார். பெண்கள் திரைக்கு அப்பால் உட்புறத் திண்ணையில் இருப்பார்கள். நன்னிக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அரபுத் தமிழில் எழுதிய முனாஜாத்துகளையும் மாலைகளையும் மட்டும் வாசிப்பார். ஆனால் சீறாவின் படல வரிசை அவருக்கு மனப்பாடம். ஓர் இரவு படிப்பவர் நேரமாகிவிட்டது என்று இடையில் இரண்டு படலங்களை விட்டுக் கதீஜா நாயகியின் கனவுக்குப் போய்விட்டார். திரைக்குப் பின்னாலிருந்து நன்னியின் குரல் வந்தது. "வழியைத் தாவிட்டு ஊருக்குப் போயிர முடியுமா லெப்பை?" படிப்பவர் மறுபேச்சின்றித் திரும்பிச் சென்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம்.

அப்போது நம் பாட்டனார் ரங்கூனில் இருந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். அக்கூட்டத்தில் இருந்த பெண்களுள் பலருடைய கணவன்மாரும் பர்மாவிலோ மலாயாவிலோ இலங்கையிலோ கடை வைத்திருந்தவர்களே. சரக்கோடு வெளியூர் சென்றவர் வழியில் என்ன துன்பம் உற்றாரோ, எப்போது மீள்வாரோ என்று வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பது கதீஜா நாயகிக்கு நேர்ந்தது போன்றே அவர்களுக்கும் நேர்ந்தது. அவர்களுக்கு அந்த வழிப் படலங்கள் நீளமாகத் தோன்றியிருக்குமா? வழி உண்மையில் நீளமாகத்தானே இருந்தது! கடல் கடந்த வாணிகக் குடும்பங்களுக்காகப் பாடிய புலவர், பயணத்தை அதன் நீளத்தோடு பாடினார். நம் காலத்துத் திறனாய்வு அந்த நீளத்தைக் குறையென்று எழுதியது. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போரின் வீடுகளில் இன்றும் அதே காத்திருப்பு உண்டு. நாள்தோறும் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபின் அதன் வடிவம் மாறியிருக்கிறது. நாட்காட்டியைப் பார்ப்பது மாறவில்லை. நன்னியின் கேள்விக்கு நாம் அன்று சிரித்ததையும், பிற்காலத்தில் அவர் விடக்கூடாது என்ற படலங்களையே சுருக்கலாம் என்று எழுதியதையும் ஒருசேர நினைத்துப் பார்க்கிறோம்.

நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' எல்லார்க்கும் தெரிந்தது. பாடநூல்களில் இடம்பெற்று, மேடைகளில் பேசப்பட்டு, கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனது. வேடன் ஒருவன் பிடித்துக் கட்டிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடை கேட்கிறது. பெருமானார் (ஸல்) அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்புகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். இதில் இனிப் புதிதாகக் காண என்ன இருக்கிறது என்னும் எண்ணத்தோடுதான் கேட்க அமர்ந்தோம். மான் விடைபெற்றுச் சென்ற இடத்தில் அன்றைய பத்துப் பாடல்கள் முடிந்தன. மறுநாள் உறவினர் வீட்டுத் திருமணம், படிக்கவில்லை. அடுத்த நாள் பேத்திக்குப் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி, களைத்து உறங்கிவிட்டாள். மூன்று நாட்களாக மான் காட்டில் இருந்தது. வேடனும் அண்ணலாரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தனர். கதையின் முடிவு தெரியாத சிறுபிள்ளை போல அம்மூன்று நாளும் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் நகைப்பீர்கள். ஆயினும் அதுவே உண்மை.

நான்காம் நாள் மான் கன்றோடு வந்து சேர்ந்தது. படித்து முடித்த பேத்தி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மான் திரும்பி வந்தது கூட எனக்குப் பெரிசாத் தெரியல நன்னா. அந்த வேடன் கட்டை அவிழ்த்து விட்டானே, எதை நம்பி விட்டான்? அவனுக்கு அப்ப ஈமான்கூட இல்லையே."

நாற்பது ஆண்டுகளாக இப்படலத்தை மானின் வாய்மைக்கும் நபிகள் நாயகத்தின் கருணைக்கும் சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டியிருக்கிறோம். வேடனைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பசியோடு வேட்டைக்கு வந்தவன். உணவைக் கையிலிருந்து விடுகிறான். பிணை நிற்பவரின் தூதுத்துவத்தை அவன் இன்னும் ஏற்கவில்லை. ஏற்பதற்கு முன்னரே ஒரு மனிதரின் சொல்லை நம்பிக் காத்திருக்கிறான். அவனுடைய ஈமான் படலத்தின் முடிவில் கலிமா சொல்லும்போது தொடங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தபோதே தொடங்கிவிட்டது என்று இப்போது நமக்குப் படுகிறது. 'பிணை' என்னும் சொல்லையும் அன்று மறுபடி எண்ணிப் பார்த்தோம். தமிழில் பெண்மானுக்கும் பிணை என்று பெயர், பொறுப்பேற்று நிற்பதற்கும் பிணை என்று பெயர், கட்டுவதும் பிணைத்தலே. படலத்தின் பெயரில் மானும் பிணையும் அடுத்தடுத்து நிற்கின்றன. கட்டுண்ட பிணை, அதற்காக நின்ற பிணை, இரண்டையும் பார்த்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்த வேடன். இதை ஒரு சிலேடை நயமென்று இலக்கணக் குறிப்பில் அடக்கிவிடுவது எளிது. நமக்கு அந்தச் சொல்லின்மேல் மூன்று நாள் உட்கார்ந்திருக்க நேர்ந்தது.

இவ்வாறு கேட்கையில் பழைய வெறுப்புகள் சிலவும் அகன்றன. சீதக்காதிக்குப் பின்னர்ப் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அவர் பெயரை நூலின் இடையிடையே உமறு போற்றிச் செல்கிறார். கம்பர் சடையப்ப வள்ளலை நினைந்தது போன்ற நன்றிக்கடன் இது என்பர். விரைந்து படித்தபோது இவ்விடங்கள் கூச்சமூட்டின. புனித வரலாற்றினிடையே செல்வரைப் புகழ்வது தகுமோ என்று தோன்றியது. நாளுக்குப் பத்தாகக் கேட்பவனுக்கு அப்பெயர் பல வாரங்களுக்கு ஒருமுறையே வருகிறது. நெடுநாளாகச் சோறிட்ட வீட்டைப் புலவர் மறக்கவில்லை என்ற அளவில் அது காதில் விழுந்து கடந்துவிடுகிறது.

எல்லாமே இவ்வாறு இனித்தது என்று சொன்னால் அது முகமன் ஆகும். ஹிஜ்றத்துக் காண்டம் 2683 பாடல்கள் கொண்டது. நூலில் பாதிக்கு மேல். அதில் போர்ப் படலங்கள் மிகுதி. வாள் வீச்சும் குருதிப் பெருக்கும் குறைத்தலைப் பிணங்களும் தமிழ்ப் பரணிகளிலும் காப்பியங்களிலும் கண்டவையே. பெயர்கள் மாறுகின்றன, காட்சி மாறுவதில்லை. பத்துப் பாடல் முடிந்ததும் பேத்தி பெருமூச்சு விட்டாள். நாமும் விட்டோம். மெதுவாகப் படிப்பதால் சலிப்பும் மெதுவாகவே கழிகிறது என்பதை இத்தகைய படிப்பைப் பரிந்துரைப்போர் சொல்லாமல் விடுகின்றனர். உகுதுப் படலத்தில் ஹம்ஸா (ரலி) அவர்கள் வீழும் இடத்தை அடைந்தபோது நெஞ்சு கலங்கியது உண்மை. ஆயினும் அங்கே சென்றடைவதற்கு முன்னர்ப் பல மாலைகள் கடமைக்காகவே கழிந்தன. இப்போர்ப் படலங்களை இன்னும் சுருங்கப் பாடியிருக்கலாம் என்னும் நம் பழைய கருத்தில் மாற்றமில்லை. நாட்டுப் படலத்துக்கு இழைத்த அநீதிக்கு ஈடாக இதையும் புகழ்ந்து கணக்கைச் சரிக்கட்ட நாம் விரும்பவில்லை. ஒருவேளை இன்னொரு தடவை கேட்டால் இதிலும் நம் காது திருந்தக்கூடும்.

இக்காலத்தில் இத்தனை நேரம் யாருக்கு இருக்கிறது என்பார்க்கு ஒரு சொல். பத்து விருத்தங்களைப் பிரித்துப் படித்துப் பொருள் பேச நமக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை. பாட்டுக் கேட்ட அந்தக் காலத்துப் பெண்கள் ஓய்ந்து கிடந்தவர்கள் என்று எண்ணுவதும் தவறு. நெல் குத்தி, சமைத்து, பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு வந்து அமர்ந்தவர்கள் அவர்கள். நேரத்தைவிட அன்று குறைவாயிருந்தது, முடித்தாக வேண்டும் என்னும் அவசரம். குர்ஆனைத் தர்தீலாக, நிறுத்தி நிதானமாக ஓத வேண்டும் என்று மதரசாவில் பயின்ற சமுதாயம் நம்முடையது. மூன்று நாளைக்குள் அதனை ஓதி முடிப்பவர் அதை விளங்கிக்கொள்ளார் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. இறைமறைக்கு உரிய கண்ணியம் வேறு, புலவரின் பாட்டுக்கு உரியது வேறு என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து உரிமை கொடுத்து ஓதப் பழகிய நாவு, ஒரு காப்பியத்தின்முன் மட்டும் ஏன் ஓட வேண்டும்? சில ஊர்களில் தராவீஹ் தொழுகையே ஓட்டமாய் விட்டதைப் பார்க்கையில் இக்கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நம் இலக்கிய மாநாடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சீறாவைப் பற்றிய உரைகளைக் கேட்டு வருகிறோம். அதே பாடல்கள், அதே நயங்கள். ஒருவர் மேற்கோளை மற்றொருவர் எடுத்து, அவருடையதை வேறொருவர் எடுத்து, ஐயாயிரம் பாடல் கொண்ட நூல் ஓர் அறுபது பாடல் கொண்ட கைப்பிரதியாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. நம்முடைய 61 சிவப்புக் கோடுகளும் அச்சுருக்கத்துக்குத் துணை புரிந்தவை. அக்கட்டுரையைப் படித்து நாட்டுப் படலத்தைத் தாண்டிச் சென்ற மாணவர் எவரேனும் இதனைக் காண நேர்ந்தால், அவரிடம் நாம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கடந்த ஷஅபான் மாதத்தில் சீறா முடிந்தது. முடிந்தது என்பதும் சரியன்று. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகிறது. பெருமானாரின் வாழ்வு அதன்பின்னும் தொடர்கிறது. மக்கா வெற்றி இல்லை, இறுதி ஹஜ் இல்லை. உமறு அதற்குமேல் பாடவில்லை. பன்னிரண்டு நாளில் படித்தபோது இந்தக் குறை நமக்கு ஒரு செய்தியாக மட்டுமே தெரிந்திருந்தது. 'நூல் முற்றுப்பெறவில்லை' என்று ஒரு வரியில் எழுதி முடித்தோம். இம்முறை அன்றைய பாடல்கள் ஏழோடு தீர்ந்து போயின. பேத்தி பக்கத்தைப் புரட்டினாள், பின்னட்டை வந்தது. "மிச்சம் மூணு எங்கே?" என்று கேட்டாள். பனீ அகமது மரைக்காயர் என்று ஒருவர் பின்னால் வந்து எஞ்சிய வரலாற்றைச் 'சின்னச் சீறா' என்று பாடியிருக்கிறார் எனச் சொன்னோம். அதைத் தேடி ஒரு நண்பருக்கு எழுதினோம். போன வாரம் பழைய பிரதி ஒன்று வந்து சேர்ந்தது. அட்டை கிழிந்திருக்கிறது, தைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவள் இதுவரை கணக்குப் பார்க்கவில்லை.